உட்கார்ந்து பார்க்கும் வேலை

சங்கிலிக்குத் தன் மகனைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை இருந்தது. "எம்மகன் உக்காந்து பாக்குற வேலை பாக்குறான்" என்பார். டீக்கடையில் சொல்வார், ரேஷன் கடை வரிசையில் சொல்வார், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். அவரும் அவர் மனைவியும் பேரையூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் குனிந்தே காலத்தைக் கழித்தவர்கள். களையெடுக்கக் குனிந்தார்கள், பருத்தி எடுக்கக் குனிந்தார்கள், கூலி வாங்கும்போதும் குனிந்தார்கள். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் பாண்டிராஜ் பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொண்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்து, லீவரைத் தள்ளித் தள்ளி மண்ணை அள்ளுவதை முதன்முதலாகப் பார்த்த அன்று, சங்கிலி வேலை முடியும்வரை வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த இருக்கைதான் பாண்டிராஜின் முதுகை வாங்கிக்கொண்டது. கல்லும் பாறையும் கலந்த மண்ணில் வண்டி குலுங்கும்போது ஒவ்வொரு குலுக்கலும் நேராக இடுப்பில் வந்து இறங்கும். காலையில் ஏறினால் சாப்பாட்டுக்கு இறங்குவான், பிறகு பொழுது சாய்ந்துதான். முதலில் சாயங்காலம் மட்டும் வலித்தது. அப்புறம் காலையில் எழும்போதே வலித்தது. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினான். மாத்திரைக்குக் கேட்காமல் போனதும் ஊசி போட்டுக்கொண்டு ஓட்டினான். வண்டியின் சொந்தக்காரன் தவசி அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். "ரெண்டு நாளு வீட்ல கெட மாப்ள" என்று அவன் சொல்லத்தான் செய்தான். வேலை வருகிற காலத்தில் வீட்டில் கிடக்க யாருக்கு மனம் வரும்.

திருமங்கலம் சாலையில் வீட்டுமனை போடுகிற ஓர் இடத்தில் வாய்க்கால் தோண்டிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. தண்ணீர் குடிக்க வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதற்காகத் திரும்பினான். இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியது போல ஒரு வலி. திரும்பிய நிலையிலேயே நின்றுவிட்டான். இறங்கவும் முடியவில்லை, திரும்ப உட்காரவும் முடியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த ஆட்கள் கூண்டுக்குள் கைவிட்டு அவனைத் தூக்கினார்கள். தொட்ட இடமெல்லாம் கத்தினான். காரில் உட்கார வைக்க முடியாததால் சிமெண்ட் மூட்டை இறக்கிய குட்டியானை வண்டியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து, மதுரைக்குக் கொண்டுபோனான் தவசி.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"முதுகெலும்பு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கும். உங்களுக்கு அடியில ரெண்டு ஜவ்வு கெட்டுப்போச்சு. கடைசியில இருக்கறது கிழிஞ்சு வெளிய பிதுங்கி காலுக்குப் போற நரம்பை அழுத்துது."

"ஆப்ரேசன் பண்ணணுமா சார்?"

"பொறுத்துப் பாக்கலாம். நெறைய பேருக்கு ஆப்ரேஷன் இல்லாமலே அடங்கிரும். ஆனா கால் வெலவெலத்துப் போச்சுன்னாலோ, ஒண்ணுக்குப் போறது தெரியாமப் போச்சுன்னாலோ உடனே வந்துரணும். ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது."

"எப்ப வண்டி ஏறலாம்?"

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். "மொதல்ல எந்திரிச்சு நிப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு பாண்டிராஜ் படுத்த படுக்கையானான். தரையில் பாய்மேல் ஒரு போர்வை, அதன்மேல் அவன். மல்லாக்கப் படுத்தால் வலித்தது, ஒருக்களித்தாலும் வலித்தது. இருமினால், தும்மினால் உயிர் போனது. யாரோ சொல்லி வந்த, எண்ணெய் தேய்க்கும் நாட்டு வைத்தியர் முதுகில் ஏறி மிதித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மனைவி முத்துச்செல்வி திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த துணிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியும்போது கம்பெனி வேன் வந்துவிடும். மகள் பவதாரிணி பள்ளிக்கூடம் போய்விடுவாள். வீட்டில் சங்கிலியும் அவனும்தான்.

சங்கிலி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, கம்பியைக் காய்ச்சி, உட்காரும் இடத்தில் வட்டமாக ஓட்டை போட்டார். கீழே ஒரு வாளி வைத்தார். மகனின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்துத் தூக்கி அதில் இருத்துவார். முதல் நாள் பாண்டிராஜ் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாம்ப்பா. செல்வி வரட்டும்."

"அது வரப் பொழுது சாஞ்சிரும். அதுவரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடப்பியா?"

"ஒங்கிட்டப் போயி..."

"நீ அங்கிட்டுப் பாத்துக்க. நானும் அங்கிட்டுப் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் நடந்தது. இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவிவிடும்போதும் சங்கிலி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளியே மேய்கிற ஆட்டைப் பற்றியோ, வராத மழையைப் பற்றியோ எதையாவது பேசிக்கொண்டிருப்பார். பேச்சு நின்றால் மகன் அழுதுவிடுவான் என்று அவருக்குத் தெரியும்.

மெல்ல நிற்க முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போக முடிந்ததும், டாக்டர் சொன்னபடி திருநகரில் உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் மதுவந்தியிடம் போகத் தொடங்கினான். பஸ்ஸில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் எரியும். பேரையூரிலிருந்து திருநகர்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே போவான். சங்கிலியும் கூடவே நிற்பார். பாதி வண்டி காலியாகக் கிடக்கும்.

"நீயாவது உக்காருப்பா."

"இருக்கட்டும். காத்து நல்லா வருது."

கண்டக்டர் இவர்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். சில நாட்களில் அவருக்கும் பழகிவிட்டது.

மதுவந்தி சின்ன வயசுப் பெண். கறாராகப் பேசுவாள். பாண்டிராஜைக் குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னாள். படுக்கையிலிருந்து எழுவதென்றால் எப்படி ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையால் ஊன்றி எழ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னாள்.

"அண்ணா, வலி குறையுதான்னு மட்டும் பாக்காதீங்க. எங்க இருக்குன்னு பாருங்க. பாதத்துல இருக்கற வலி மேல ஏறி ஏறி இடுப்புக்கு வந்துச்சுன்னா நரம்பு விடுபடுதுன்னு அர்த்தம். இடுப்புல கூடுதலா வலிச்சாலும் பயப்படாதீங்க."

இது சங்கிலிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தினமும் காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, "வலி எங்கிட்டு நிக்கிது?" என்பதுதான். வரவேண்டிய பஸ் எந்த ஊர் தாண்டியிருக்கிறது என்று விசாரிப்பதுபோலக் கேட்பார். கெண்டைக்கால் என்றான் ஒருநாள். பல நாள் கழித்து முழங்கால் என்றான். தொடை என்று சொன்ன அன்று சங்கிலி தெருவில் போன எல்லோரையும் நிறுத்திச் சொன்னார்.

"நீங்க கண்ட தைலத்தையும் தடவுறத விட்டுட்டு இந்தப் புள்ள சொன்னதச் செஞ்சது நல்லதாப் போச்சு" என்று முத்துச்செல்வியும் சொன்னாள். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது.

அந்த நம்பிக்கையில்தான் பாண்டிராஜ் மதுவந்தியிடம் கேட்டான். "எப்ப நான் வண்டியில ஏறலாம்?"

அவள் துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "அந்த வேலை இனி வேணாம்ணா."

"வேற எந்த வேலையும் தெரியாதும்மா."

"நடக்கலாம், நிக்கலாம், கொஞ்ச நேரம் உக்காரலாம். வெயிட் தூக்கக் கூடாது. குலுங்கற வண்டி கூடவே கூடாது. திரும்பக் கிழிஞ்சா இப்ப மாதிரி சரியாகி வராது."

திரும்பிப் போகும்போதும் பஸ்ஸில் அப்பனும் மகனும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார்கள். ஊருக்குள் நடக்கும்போதுதான் சங்கிலி சொன்னார். "அந்தப் பாப்பா சொன்னா சொல்லட்டும்யா. மொத காலு சரியாகட்டும். ஆடு வாங்கித் தாறேன், மேச்சுக்கிட்டு இரு." சொல்லிவிட்டு, தன் குரல் தனக்கே பிடிக்காதவர்போல் முன்னால் வேகமாக நடந்தார்.

அது சித்திரை மாதம். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. தெருமுனைக் குழாயில் பிடித்துச் சுமந்து வர வேண்டும். முத்துச்செல்வி வேலைக்குப் போன பிறகு தண்ணீர் வந்தால் சங்கிலிதான் சுமப்பார். அன்றைக்கும் அப்படித்தான். தெருவே காலியாக இருந்தது. ஊர்ச்சனமெல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தது. பாண்டிராஜ் வீட்டுக்குள் குப்புறப் படுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். வாசலில் குடம் உருளும் சத்தம் கேட்டது.

எழுந்து வந்து பார்த்தான். சங்கிலி வாசற்படிக்குக் கீழே ஈர மண்ணில் கிடந்தார். ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. முகமெல்லாம் வியர்வை. கண் மகனைப் பார்த்தது.

"அப்பா... ஏப்பா..."

அந்த நேரத்தில் அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும், தூக்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. குனிந்து, அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். சங்கிலி பாதி எழும்பினார். அதற்குள் இடுப்புக்குள் ஏதோ விட்டுப்போனது. கால் மடிந்தது. அப்பனை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே விழுந்தான்.

கத்தினான். யாரும் வரவில்லை. போன் வீட்டுக்குள் பாயருகில் கிடந்தது. எழ முடியவில்லை. முழங்கையை ஊன்றி ஊன்றி, இடுப்புக்குக் கீழே உடம்பை இழுத்துக்கொண்டு படியேறினான். உள்ளே போய்ப் போனை எடுத்துத் தவசிக்குப் பேசினான். பேசியதும் திரும்பவும் ஊர்ந்து வந்தான். தவசி ஆட்களோடு வந்து சேர்ந்தபோது அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் படுத்திருந்தான். கை சில்லிட்டிருந்தது. அது தண்ணீரின் சில்லிப்பு என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் எடுத்தார்கள். சங்கிலியின் தம்பி காசிமாயன்தான் முன்னால் நின்று எல்லாம் பார்த்தார்.

"அவன எதுக்குச் சுடுகாட்டுக்கு இழுத்துக்கிட்டு? எம்மகன் விக்ரம் கொள்ளிக்குடம் ஒடைக்கட்டும். அவனும் மகன் மொறைதான."

முத்துச்செல்வி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "கொடத்த விக்ரமு தூக்கட்டும் சின்ன மாமா. ஆனா இவரக் கூட்டிட்டுப் போங்க. படுக்க வச்சாவது கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா ஆயுசுக்கும் இதையே நெனச்சுச் சாவாரு."

சரக்கு வண்டியில் பாய் போட்டு அவனைக் கொண்டுபோனார்கள். சுடுகாட்டில் தண்ணீர்க்குடத்தை அவன் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். படுத்தபடியே கையை நீட்டித் தொட்டான். விக்ரம் குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் பீய்ச்சியது. கொள்ளியை மட்டும் பாண்டிராஜின் கையில் கொடுத்து, வண்டியோடு பின்னால் தள்ளிக்கொண்டுபோய் வைக்கவைத்தார்கள். கூட்டத்தில் யாரோ, "அப்பன் கெடக்குற மாதிரியே மகனும் கெடக்கான் பாரு" என்றது அவன் காதில் விழுந்தது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

துக்கம் கேட்க வந்த கூட்டத்தில் யாரும் அவன் காலைக் கவனிக்கவில்லை. சாவு வீடு கொஞ்சம் ஓய்ந்த பிறகு, கொல்லைப்பக்கம் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும்போதுதான் முத்துச்செல்வி பார்த்தாள். இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது.

"செருப்பு கழண்டுருச்சே, தெரியலையா ஒங்களுக்கு?"

அவன் கீழே பார்த்தான். "தெரியலையே."

"பாதத்த மேல தூக்குங்க."

தூக்கினான். பாதம் தொங்கியபடியே இருந்தது.

அன்றைக்கே மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். "எப்பத்திலருந்து இப்படி?" என்றார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "கால் வெலவெலத்தா உடனே வரச் சொன்னேனே" என்றார். முத்துச்செல்வி மெதுவாக, "வீட்டுல சாவு சார்" என்றாள். மறுநாள் காலை ஆபரேஷன் செய்தார்கள்.

கண் விழித்தபோது கால் எரிச்சல் இல்லை. மாதக்கணக்காகக் கூடவே கிடந்த எரிச்சல் சுத்தமாகப் போயிருந்தது. பாதம் மட்டும் அப்படியே தொங்கியது. நரம்பு திரும்பி வர வருஷமாகலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தையலைப் பார்க்க வந்த அன்று பாண்டிராஜ் அவரிடம் கேட்டான்.

"சார், எங்கப்பாவ நான் தூக்கப் போகாம மொதல்லயே போன் போட்டிருந்தா பொழச்சிருப்பாரா?"

டாக்டர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "நான் அவரப் பாக்கலையே பாண்டிராஜ். அதை யாராலயும் சொல்ல முடியாது."

இல்லை, பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாக இருந்தாலும் அவன் வாங்கிக்கொண்டிருப்பான்.

முத்துச்செல்வி சம்பளமில்லாமல் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தாள். பிறகு வேன் வந்து கூப்பிட்டது, போனாள். தூக்கிவிட ஆளில்லாத வீட்டில் பாண்டிராஜ் தானாக ஒருக்களித்து, தானாகக் கையூன்றி எழப் பழகினான். காலணிக்குள் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை மாட்டிக்கொண்டு, தனியாகத் திருநகருக்குப் போனான்.

மதுவந்தி அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "தாத்தா வரலையா?"

அவன் சொன்னான். அவள் கையிலிருந்த ரப்பர் பட்டையை வைத்துவிட்டு, படுக்கையின் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "படுங்கண்ணா. பாதத்த உங்க பக்கம் இழுக்கப் பாருங்க" என்றாள். இழுத்தான். பெருவிரல் மட்டும் லேசாக அசைந்தது. "வருது பாத்தீங்களா" என்றாள். அவன் "ம்" என்றான்.

ஆடிக்குப் பிறகு டாக்டரிடம் போனபோது, புண் ஆறிவிட்டது, ஜவ்வு திரும்பப் பிதுங்கவில்லை, நன்றாகத் தேறிவிட்டான் என்றார். நடக்க முடிந்தது. ஆனால் நாள் முழுக்க நிற்க முடியாது, நாள் முழுக்க உட்காரவும் முடியாது. தெருவில் பார்ப்பவர்கள், "நல்லாத்தான இருக்க, பெறகென்ன?" என்றார்கள்.

தவசி ஒருநாள் வீட்டுக்கு வந்தான்.

"மாப்ள, நீ வண்டியில ஏற வேணாம். புதுசா ஒரு பயல உக்கார வச்சிருக்கேன். கோடு நேரா வரமாட்டேங்குது. நீ கீழ நின்டு சொன்னாப் போதும்."

பாண்டிராஜ் போனான். திருவாதவூர்ப் பக்கம் ஒரு வயலில் பண்ணைக்குட்டை வெட்டும் வேலை. வரப்பில் நின்று, ஆழம் போதும், இந்தப் பக்கம் சரித்துவிடு என்று கையைக் காட்டினான். புதியவன் சொன்னபடி செய்தான். வெயில் ஏற ஏற இடுப்பு இறுகியது. உழுத கட்டியில் இடது பாதம் தட்டி ஒருமுறை விழப் பார்த்தான். மதியத்துக்குள் வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டான். தவசி தானே வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டான். போகும்போது, "நாளைக்கு முடிஞ்சா வா மாப்ள, முடியாட்டி ஒண்ணுமில்ல" என்றான். பாண்டிராஜால் முடியாது என்பது தவசியின் குரலிலேயே இருந்தது.

சாயங்காலம் முத்துச்செல்வி வேனிலிருந்து இறங்கி வந்தபோது பாண்டிராஜ் வாசலில் நின்றிருந்தான்.

"நாளைக்கு வரலன்னு தவசிகிட்டச் சொல்லப் போறேன்."

"சரிங்க."

"அடுத்த வாரமும் வரமாட்டேன். இனி வரவே மாட்டேன் செல்வி."

அவள் பையைத் திண்டில் வைத்துவிட்டு, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி முறித்தாள். நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாள்.

"முதுகு வலிக்குதா?" என்று கேட்டான்.

"கொஞ்சந்தான். எல்லாத்துக்கும் இருக்குறதுதான்."

"எந்த எடத்துல?"

"விடுங்க. ஒண்ணுமில்ல."

"எந்த எடத்துலன்னு கேக்குறேன்ல."

அவன் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே படித்துக்கொண்டிருந்த பவதாரிணி நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். முத்துச்செல்வி இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள்.